போர்வைக்குள் பாடியது போதும்

அன்புள்ள பெனிஸ்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே அப்பாவும் உன் தங்கை ஜெபிஷாவும் நானும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "சரிம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சிரித்தே என்னை மடக்கிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சாகுபுரத்தில் இன்னும் மழை இறங்கவில்லை. அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், ஜெபிஷாவுக்குப் பரீட்சை. உன் ரெக்கார்டிங்கில் சத்தம் விழக்கூடாது என்று அவள் வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கிறாள். சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்ட நான் வாய்க்கு வந்தபடி கட்டிப் பாடிய நாலு வரியை உன் பாட்டு ஆல்பத்தில் வைக்கப் போவதாக நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஈஸ்டருக்கு முன்பே போனில் பாடி அனுப்பினேன். காக்கா கத்துது என்றாய். மறுபடி பாடினேன், ஃபேன் சத்தம் என்றாய். ஃபேனை நிறுத்தி, நீ சொன்னபடி கட்டில் மேல் போர்வையைக் கூடாரமாகக் கட்டி, வேர்த்து ஊற்ற ஊற்ற அதற்குள் உட்கார்ந்து பாடினேன். அப்பா கம்பெனியில் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு லேசாகக் கேட்குது என்றாய். பகலில் தூங்க வேண்டிய அப்பா, "இனி இந்த வீட்டுல தும்முததுக்கும் உன் மவன்கிட்ட லீவ் லெட்டர் கொடுக்கணுமா" என்று கத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் வெளிச்சத்தம் எல்லாம் தீர்ந்து என் குரலுக்கு வந்தாய். இரண்டாம் வரியில் சுருதி இறங்குது, மூச்சு கேட்குது என்றாய். மூச்சு கேட்கத்தான் செய்யும், உயிரோடு இருக்கிறேன்ல.

அம்மா கோபமாக எழுதுகிறாள் என்று தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது. போன ஞாயிறு நடந்ததைக் கேள். காலேஜ் காலத்திலிருந்து நான் சர்ச் கொயரில் ஆல்டோக் குரலில் பாடுகிறவள். அன்றைக்குப் பாட்டு ஆரம்பித்ததும் சுருதி இறங்குதா, மூச்சு கேட்குதா என்று என் குரலையே ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாம் சரணத்தில் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் பாடுகிற ஜீவமணி அக்கா ஆராதனை முடிந்ததும், "ஏளா, டிவியை மியூட்ல போட்ட மாதிரி நிக்கே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில்கூட நான் இப்போது பாடுவதில்லை என்று ஜெபிஷா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் சுருதி சேர்ந்தும் சேராமலும் பாடியிருக்கிறேன், பயந்து பாடியதில்லை. இப்போது பயமாக இருக்கிறது. உனக்கும் உள்ளே இப்படித்தான் இருக்கிறதோ? மூன்று வருஷமாக ஒரு பாட்டையும் யாரையும் கேட்கவிடாமல் வைத்திருக்கிறாயே, அது நன்றாக வரணும் என்றா, ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது என்றா? குறை சொல்லுகிறவன் கோயில் மணிக்கும் சொல்லுவான்.

இனி நான் பாடி அனுப்ப மாட்டேன். போர்வையை மடித்து வைத்துவிட்டேன். காக்கா கத்துகிற பதிவு உன்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அதைப் போடு, இல்லையென்றால் அம்மா இல்லாமலே வெளியிடு. வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், பொறுத்துக்கொள்வேன். வருகிற ஞாயிறு நான் கொயரில் நிற்கப் போகிறேன். சத்தம் வருமா என்று தெரியவில்லை, வந்த மட்டும் பாடுவேன். எப்படி இருந்தது என்று மட்டும் நீ கேட்காதே.

வெறும் காப்பியில் நாளை ஓட்டாதே, அனுப்பிய உடன்குடி கருப்பட்டியைச் சுக்கோடு போட்டுக் குடி. கிறிஸ்துமஸுக்குள் ஒரு பாட்டையாவது வெளியே விட மறக்காதே. ஆண்டவர் உன் கை வேலையை ஆசீர்வதித்து, அதைக் கீழே வைக்கிற மனசையும் தருவாராக.

உன் அம்மா,
ஜெயஷீலா