பேனரில் விட்டு வைத்த இடம்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள விமலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் அந்த அளவுக்காவது நலமாக இருக்க வேண்டும் என்று கன்னியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. முதல் வரியைப் பார்த்ததும் மூடிவிடுகிறாயோ என்னவோ. கடிதம் என்றால் பிரித்த பிறகு பாதியில் விட மனசு வராது. முறுக்கு பார்சல் அனுப்பினோமே, அப்போது அப்பா எழுதி வைத்திருந்த விலாசம்தான், வந்து சேரும் என்று நம்புகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பென்னலூர் கம்பெனியில் செக்யூரிட்டி வேலையை மட்டும் விடமாட்டேன் என்கிறார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று என்னிடம் சொல்கிறார், கேட்டில் இருந்த நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள் என்று உன் சிநேகிதன் கார்முகில் சொல்லித்தான் தெரியும். உன் தங்கை சுகப்பிரியா ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் படப்பைக்குப் போய்விட்டாள். என்னைக் கம்பெனியில் சீட் கவர் தைக்கிற லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். தையல் கோணலாகப் போகிறதாம். இத்தனை வருஷம் கோணாத தையல் இப்போது கோணுகிறது, நான் என்ன செய்ய.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன், குறுக்கே பேச நீ இங்கே இல்லை, அதுவும் நல்லதுதான். உன் வேலையை நான் என்றைக்கும் முழுசாக ஒத்துக்கொண்டதில்லை, உனக்கே தெரியும். நம் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அப்பா உன்னை வெளிநாட்டுக்கு, அவ்வளவு தூரம் படிக்க அனுப்பினார், நீ ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாய், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடலையும் மலையையும் காட்டுகிற வேலை என்றாய். நம் ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாதிரிதான்மா, ரோடு மட்டும் இல்லை என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு எங்கே சிரிப்பு வந்தது. ஆனால் நீயும் உன்னோடு ஹெலிகாப்டர் ஓட்டுகிற லூக்கும் அனுப்பிய வீடியோவை அப்பா டிவியில் போடும்போது நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பேன். ஒரு பக்கம் கடல், கரையோரம் வெள்ளையாக நுரை, அப்படியே திரும்பினால் உப்பு கொட்டி வைத்த மாதிரி பனி மலை. வந்தவர்களைப் பனியில் இறக்கிவிடுவீர்கள், வயசான தம்பதிகள்கூடக் குழந்தை மாதிரி பனியை அள்ளி எறிந்து விளையாடுவார்கள். லூக் போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, அம்மா, அம்மா என்று கூப்பிடுவான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்லும் முறுக்கும்தான். அடுத்த வருஷம் நான் வந்தால் முன் சீட்டு எனக்குத்தான் என்று அவன் சொன்னதாக நீ சொன்னாய். ஏறுவதற்கு முன்னால் எல்லாரையும் எடை போட்டுத்தான் உட்கார வைப்பீர்களாமே, என் எடைக்கு முன் சீட்டு கிடைக்குமா என்று நான் கேட்டதற்கு அவன் கைதட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மாதாமாதம் காலண்டர் தாளில் உன் நட்சத்திரம் உத்திரட்டாதிக்குச் சந்திராஷ்டமம் என்று வருகிற நாளில் பறக்காதே என்று நான் சொல்வதும், சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு நீ பறப்பதும் வழக்கம்தான். நீ கேட்பதில்லை என்று எனக்கும் தெரியும், சொன்னால் எனக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அந்த முறை மட்டும் நான் விடவில்லை. காற்று சரியில்லை என்று முந்தின வாரம் நீயே வாய்விட்டுச் சொல்லியிருந்தாய், அது என் வயிற்றிலேயே கிடந்தது. நீ சத்தியம் செய்கிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று வீடியோ காலில் அழுதேன். பக்கத்தில் இருந்த லூக் என்ன விஷயம் என்று உன்னைக் கேட்டான், நீ வெட்கப்பட்டுக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாய். அவன் கேலி செய்யவில்லை. அம்மா சொன்னால் சரிதான், நாளைக்கு உன் டிரிப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்லா இருப்பா என்று அவனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் நட்சத்திரம் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், திரும்பக் கொடுக்கும்போது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது, அதனால் ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியாது. கம்பெனி வண்டி நம் நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் டீக்கடைக்கு மேலே உன் முகம். சிவப்பு ஹெலிகாப்டர் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பாயே, அந்தப் படம். எனக்குச் சிரிப்பு வந்தது கண்ணு. பிறந்த நாள்கூட இல்லையே, இந்தப் பசங்களுக்கு பேனர் வைக்க ஒரு சாக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன். கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே எங்கள் பெயர், அப்பா பெயரும் என் பெயரும் பெரிய எழுத்தில். அதற்கப்புறம் யார் என்னைத் தூக்கினார்கள், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா ஒரு நாற்காலியில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, ஆனாலும் காதிலிருந்து எடுக்கவில்லை.

கார்முகிலைத் திட்டாதே. ஆட்களை ஏற்றிவரக் காலியாகப் போன ஹெலிகாப்டர் பனி மலையில் விழுந்தது, ஓட்டியவர் இறந்தார் என்று செல்போனில் செய்தி பார்த்திருக்கிறான். அதே சிவப்பு வண்டி, அதே வெள்ளைக் கோடு, உன் போன் அணைந்திருக்கிறது, அவன் வேறென்ன நினைப்பான். உனக்கு அவனைவிட நெருங்கிய சிநேகிதன் யார். ஷிப்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அழுதபடியே பேனரை அடித்துக் கட்டியிருக்கிறான். நம் ஊரில் உடம்பு வருவதற்கு முன்னால் பேனர் வந்துவிடும், அது அவன் கொண்டுவந்த பழக்கமா. உண்மை தெரிந்ததும் அவனே ஏறிக் கிழிக்கப் போனான், முகத்தைக் கிழிக்காதே என்று அப்பா தடுத்து, அவிழ்த்து மடித்துப் பரண்மேல் போட்டிருக்கிறார். அதை எரிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பொழுது சாயும்போது உன் போன் வந்தது. அம்மா, நான் இருக்கேன்மா, லூக் போயிட்டான், என் டிரிப்புல போயிட்டான் என்று சொன்னாய். விமல், நான் சத்தியமாகச் சொல்கிறேன், நான் இருக்கேன்மா என்ற வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. நல்ல வேளைடா கண்ணு, அம்மா பேச்சக் கேட்ட, தப்பிச்ச என்று நான் சொன்னேன். சொல்லிச் சிரிக்கவும் செய்தேன், வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ போனை வைத்துவிட்டாய். அதோடு சரி, இன்றுவரை உன் குரலை நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுகிறாய், பறக்கப் போவதில்லை, அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று உன் கூட வேலை பார்க்கிறவர் யாரோ அவருக்கு எழுதியிருக்கிறார். நீ ஏன் என்னிடம் பேசுவதில்லை என்று அப்பா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் காரணம் தெரியும்.

இங்கே எனக்கு நடக்கிற மரியாதையைக் கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும். வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். உன் வாயிதான்க்கா புள்ளய காப்பாத்திச்சு என்று எதிர்வீட்டு ஜோதி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவள் மகனுக்கு எந்த நாள் ஆகாது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். செத்த சேதி பொய்யானா நூறு ஆயுசு என்று உன் மாமா சொல்கிறார். கோயிலில் பொங்கல் வைக்கச் சொல்கிறார்கள். என்ன சொல்லிப் பொங்கல் வைப்பேன், என் பிள்ளைக்குப் பதிலாக இன்னொருத்தி பிள்ளையை எடுத்துக்கொண்டாய், நன்றி என்றா. காலண்டரைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. மேகம் இறங்கி மலையை மறைத்துவிட்டது, யார் ஓட்டியிருந்தாலும் அதுதான் என்று அப்பா படித்துச் சொன்னார். யார் ஓட்டியிருந்தாலும் என்றால் அது நீயும்தான். அதை நினைத்தால் பிழைத்தாயே என்று இருக்கிறது, அடுத்த நிமிஷம் அந்தப் பையன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான். இரண்டும் சேர்ந்தே வருகிறது, ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நான் கார்முகிலைக் கூப்பிட்டு, அழ வேண்டியவனுக்கு யாருமே இந்த ஊரில் அழவில்லை, அவனுக்கு ஒரு பேனர் அடி என்றேன். நீயும் லூக்கும் முறுக்கு டப்பாவோடு நிற்கிற படத்தை அவன் எடுத்து, உன்னைத் தனியாக வெட்டிவிட்டு, லூக்கை மட்டும் வைத்தான். உன் பேனர் இருந்த அதே இடத்தில் திங்கட்கிழமை கட்டினோம். பேருந்துக்கு நிற்கிறவர்கள் எல்லாம் யார் இந்த வெள்ளைக்காரப் பையன் என்று கேட்கிறார்கள், எங்க வூட்டுப் புள்ள என்று டீக்கடைக்காரர் சொல்கிறாராம். படையல் போட்டேன், அவனுக்குப் பிடித்த முறுக்கும் வைத்தேன். அப்பா இலை முன்னால் நின்று அழுதார், இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அழுதார்.

ஒன்றே ஒன்றுதான் குறை. கீழே பெற்றோர் பெயர் போடுவது வழக்கம். லூக் என்னை எத்தனை தடவை அம்மா என்று கூப்பிட்டிருப்பான், அவனைப் பெற்றவள் பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அடிக்கச் சொன்னேன். காலி எடம் வுட்டு எவனும் பேனர் அடிக்கமாட்டான் அத்தே என்று கார்முகில் முதலில் சொன்னான், அப்புறம் அவனே கறுப்பு பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறான், பெயர் வந்ததும் ஏணி போட்டு ஏறி எழுதுகிறானாம்.

நீ என்னோடு பேச வேண்டாம் விமல், கோபம் தீரும்போது தீரட்டும். பறப்பதும் பறக்காததும் உன் இஷ்டம், இனிமேல் நான் நாள் பார்க்கமாட்டேன். ஆனால் அறையைவிட்டு வெளியே வந்து அந்த அம்மாவைப் போய்ப் பார். அவர்கள் முன்னால் போய் நிற்கப் பயமாக இருக்கும், இருந்தாலும் போ. அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு, என் அம்மா எனக்கு நாள் பார்த்தாள், உங்கள் பிள்ளைக்குப் பார்க்கவில்லை என்று. திட்டினால் எனக்காகத் திட்டு வாங்கிக்கொள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு போகாதே. எந்தக் குறையும் உன்னைத் தொடாமல் நீ நெடுங்காலம் வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காமல் அந்த அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம், அது ஒன்று போதும்.

இப்படிக்கு,
பேனரைப் பார்த்துக்கொண்டே தினமும் வண்டி ஏறுகிற
உன் அம்மா,
காந்திமதி.