மீட்டர் அறைப் பெட்டிக்கு ஒரு நாள் லீவு

செப். 29, திங்கள்
புழுக்கம். துவைத்த துணி மாலை வரை ஈரம். பெசன்ட் நகரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கினால் இதுதான். உப்புக் காற்றில் கார் நிறுத்தும் இடத்துத் தூண்களுக்குள் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பாளம் பாளமாக விழுகிறது.

ஞாயிறு கூட்டம். கட்டடத்தை இடிப்பதா, தூண்களைக் காப்பாற்றுவதா என்று அன்று முடிவு. இருபத்திரண்டு வருஷ வீடு. இடிக்க எனக்கு மனசே இல்லை. செயலாளர் என்ற முறையில் இன்ஜினியர் ரேவதியை வரவழைத்தது நான்தான். சோதனைக்கு நான்கு தூண்களில் டைட்டானியம் வலை போர்த்திப் பூசி, மீட்டர் அறையில் பெட்டி வைத்திருக்கிறாள். அதிலிருந்து சின்ன மின்சாரம் ஓயாமல் கம்பிக்குப் போனால் துரு அடங்கும். வேதியியல் டீச்சரான எனக்கே மூன்று முறை விளக்கினாள். வெட்கம்.

"சனிக்கிழமை வரை யாரும் தொடக் கூடாது மேடம். அன்னிக்கு நானே ஆஃப் பண்ணுவேன். ஒரு நாளைக்குள்ள கம்பியோட மின்னழுத்தம் நூறு மில்லிவோல்ட்டாவது இறங்கணும். இறங்கினா கம்பி பத்திரம்."

வாட்ச்மேனும் எலக்ட்ரீஷியனுமான தாஸிடம் சொல்ல வேண்டும்.

அக். 1, புதன்
ஆயுத பூஜை. பொரி, கடலை, தேங்காய் 2, சந்தனம். கற்பூரம் மறந்து இரண்டாம் தடவை கடைக்கு.

மூன்றாம் மாடி சுந்தரம் சார், இடிக்கச் சொல்பவர், படியில் மடக்கினார். "தூணுக்கு ஈசிஜி எடுத்துண்டிருக்கேளாமே? என் பேத்தி தலையில பாளம் விழுந்தா யார் பதில் சொல்றது?"

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

அக். 2, வியாழன்
காலை 9.30. பெட்டியில் பச்சை விளக்கு இல்லை. மேலே சந்தனம், குங்குமம், செவ்வந்திப்பூ.

தாஸ் சாவகாசமாக வந்தான். "நேத்து காலைல நான்தான் நிறுத்தினேன் டீச்சர். மோட்டாருக்கு, அயர்ன் பாக்ஸுக்கு எல்லாம் லீவு வுட்டேன். இத்த மட்டும் வேலை வாங்கினா நல்லாவா கீது?"

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகுதான் உறைத்தது: அவனிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ரேவதிக்கு போன். நிறுத்திய நேரத்தைக் கேட்டாள். பிறகு, "உள்ள இருக்கிற ரெக்கார்டர் பேட்டரில ஓடுது மேடம். நிறுத்தின நொடியிலேர்ந்து பதிவு இருக்கும். எதையும் தொடாதீங்க, வரேன்."

மாலை: முதல் தூணில் 142 மில்லிவோல்ட் இறக்கம்! நான்கு தூணிலும் நூறுக்கு மேல். சனிக்கிழமை சோதனையே தேவையில்லையாம். மீட்டர் அறை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தாஸ் டீ வாங்கி வந்தான். மன்னிப்புக் கேட்டேன். "வுடு டீச்சர்."

அக். 5, ஞாயிறு
கூட்டம். லேசான தூறல். ரேவதி எண்களைக் காட்டினாள். சுந்தரம் சார் ஒரே கேள்வி கேட்டார்: "ஆடற பாளத்தையெல்லாம் மழைக்கு முன்னாடி எடுத்துடுவேளா?"

"நாளைக்கே ஆரம்பிக்கிறோம் சார்," என்றாள் ரேவதி.

யோசித்தார். கை தூக்கினார். எட்டு வீட்டில் ஆறு கை. இடிக்கவில்லை!

வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியை நிறுத்தி இதே சோதனை செய்ய வேண்டுமாம். எந்த நாள் என்று ரேவதி கேட்டாள். எல்லோரும் வாசலில் நின்ற தாஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: ஆண்டுச் சோதனை, ஆயுத பூஜை அன்று. நிறுத்துபவர்: தாஸ்.