மல்லியைத் தோண்ட விடாதீங்க

என்னங்க,

நீங்க வாக்கிங் முடிச்சு வர்றதுக்குள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட் கிளம்பறேன். உப்புமா மூடி வெச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னு முகத்தைச் சுளிக்காம சாப்பிடுங்க.

தோட்டக்கார மாலி வருவான். ஜூன்ல குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்னு மல்லியை வேரோட தோண்டி எடுக்கச் சொன்னீங்களாமே? விடாதீங்க. இந்த ஏப்ரல் வெயில்ல பிடுங்கினா எங்க வெச்சாலும் பிழைக்காது. அடுத்து இங்க குடிவர்றவங்க பூப்பறிச்சுக்கட்டும். காஞ்சுபோன பெட்டூனியாவை எடுத்துட்டு, அந்த மண்ணை வெயில்ல காயவைக்கச் சொல்லுங்க. கறிவேப்பிலைக்கு மேல பச்சை வலை கட்டணும், லூன்னு அந்த அனல் காத்து ஆரம்பிச்சா கருகிடும்.

நேத்து, நாம குடிபோக நீங்க பார்த்த துவாரகா ஃப்ளாட்ல காலெடுத்து வைக்க மாட்டேன்னு சொன்னேன். என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டாம நீங்களே முடிச்சுட்டு வந்தா, வேற என்ன சொல்வேன்?

பி.கு.: கூலருக்குப் பின்னாடி நிழல்ல ரெண்டு சின்னத் தொட்டி இருக்கு. தண்ணி ஊத்துங்க. மல்லிப் பதியம். நீங்க துவாரகான்னு முதல்ல பேச்செடுத்த பிப்ரவரியிலயே போட்டேன், இப்ப நல்லா வேர் விட்டிருக்கு.

அப்புறம், அந்த ஃப்ளாட் பால்கனில காலை வெயில் எந்தப் பக்கம் விழுது? நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன்.