இடது முன்கால்

ஏப்ரல் 2

காலையில் ஆலங்கட்டி, பிறகு பளீரென்று வெயில், மத்தியானம் மறுபடி மழை. பயிற்சி மைதானத்து மணல் ஒரு பக்கம் சொதசொதவென்றும் மறுபக்கம் கெட்டியாகவும் கிடக்கிறது. ரூபினோ மேல் ஏறி, அவனை இடப்புறமாக வட்டத்தில் ஓடவிட்டபோது ஒவ்வொரு அடிக்கும் தலையைக் கொஞ்சம் தூக்கினான். கொஞ்சம்தான். இறங்கித் தொட்டுப் பார்த்தேன். இடது முன்காலில், முட்டிக்குக் கீழே சூடு.

ஹென்னிங் வேலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். குதிரை அவருடையது; பழக்குவதும் போட்டியில் ஏறுவதும் நான். "நல்லாத்தானே ஓடுது? உன் கண்ணுக்குத்தான் வயசாகுது வீப்கெ."

ஏப்ரல் 3

டாக்டர் ஓல்ட்மன்ஸ் வந்தார். கருவி வைத்துப் பார்த்தார். தசைநாரில் லேசான காயம். "சின்னதுதாங்க. ஆனா இப்ப விட்டா சின்னதா இருக்காது. கையில பிடிச்சு நடத்துங்க, அவ்வளவுதான். யாரும் மேல ஏறக் கூடாது."

பதினாலாம் தேதி தகுதிப் போட்டி. ஹென்னிங் கதவை ஓங்கி அறைந்தார். "மழை பெஞ்சா எனக்கும்தான் முட்டி வலிக்குது. நான் என்ன ஆபீசுக்கு லீவா போடறேன்?"

ஏப்ரல் 5

மழை. நடத்தினேன். ஏன் ஓடவிடவில்லை என்று தோளால் முட்டிக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 7

ஹென்னிங் ஊசி போடச் சொல்கிறார். வலி தெரியாமலிருக்க.

"போட்டியே ஆறு நிமிஷம்தான் வீப்கெ. யாருக்குத் தெரியப் போவுது?"

"வலி தெரியலைன்னா அவன் முழு பலத்தையும் அந்தக் கால்ல போடுவான். நார் கிழிஞ்சா நீங்களா தைப்பீங்க?"

"நீ ஏறலைன்னா ஏற ஆளா இல்ல?"

என்ன மனுஷன் இவர்! விதிப்படியே அது குற்றம். விதி கிடக்கட்டும், வாயில்லாத ஜீவன்.

ஏப்ரல் 9

ஏற ஆள் வந்துவிட்டாள். ஸ்வென்யா. என்னிடம் எட்டு வருஷம் கற்றவள், இப்போது பக்கத்து ஊரில் சொந்தக் கொட்டில் வைத்திருப்பவள். குதிரை ஏற்றும் வண்டியோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கால் எப்படியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"சும்மா விறைப்புன்னு ஹென்னிங் சொன்னார்."

"நீ நம்புறியா?"

ரூபினோவை வண்டியில் ஏற்றினாள். கதவைத் தூக்கி மூடினாள். இவளுக்கா நான் குதிரையின் முதுகைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன்? போகட்டும். இனி என் வாசலை மிதிக்கக் கூடாது.

ஏப்ரல் 12

தீவனக் கடையில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "போட்டின்னதும் பயந்துட்டீங்களாமே?" மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஹென்னிங் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்.

ஞாயிறு போகிறேன். நடுவரிடம் நேராகவே சொல்வேன். ஹென்னிங்கின் மற்ற இரண்டு குதிரைகளும் என் கையை விட்டுப் போகும் — போனால் போகட்டும்.

ஏப்ரல் 14

பாதி வெயில், பாதி மழை. சுற்றில் இறங்குமுன் குதிரைகளைச் சூடேற்றும் மைதானத்தில் ரூபினோ. இடது வட்டம். தலை தூக்கல். இப்போது கொஞ்சமல்ல, குருடனுக்கும் தெரியும். நடுவரை நோக்கிச் சேற்றில் நடந்தேன். பாதி வழி போயிருப்பேன், ஸ்வென்யா குதிரையை நிறுத்தினாள். இறங்கினாள். சேணத்தின் வாரைத் தளர்த்தினாள்.

ஹென்னிங் ஓடி வந்தார். "என்ன பண்றே? அடுத்தது நீதான்!"

"நொண்டுறான்."

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"முதல் நாளே தெரியும். ஊசி வேண்டாம்னேன். ஓட்டினா சரியாயிடும்னு நினைச்சேன். ஆகலை."

அவர் என்னைப் பார்த்துவிட்டார். "ஓகோ! ரெண்டு பேரும் கூட்டுக்களவாணிங்களா!"

கூட்டா? நானும் இவளுமா? அவர் போனதும் கேட்டேன்: "முதல் நாளே தெரிஞ்சும் ஏறினியே, எப்படிடீ மனசு வந்துச்சு?" அழுதாள். நான் தேற்றவில்லை. கடைசியில் இறங்கினாள்தான். இறங்கினதுக்கு மாலையா போடணும்?

ஏப்ரல் 15

என் கொட்டிலிலிருந்த இரண்டு குதிரைகளையும் ஹென்னிங் ஓட்டிச் சென்றுவிட்டார். ஓல்ட்மன்ஸ் சொன்னார்: காயம் பெரிதாகிவிட்டது. ஓட வைக்க மாதக்கணக்காகும். போட்டி இனி சந்தேகம்தான்.

மே 20

ஹென்னிங் ரூபினோவை விற்றுத் தள்ளிவிடப் பார்க்கிறாராம். "நொண்டிக்குத் தீனி போட நான் என்ன சத்திரமா நடத்தறேன்?" என்றாராம். போன வருஷம் இவனோடு நின்று பல்லைக் காட்டிப் படமெடுத்துக்கொண்ட அதே வாய்.

ஜூன் 8

காலையிலிருந்து தூறல். நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் ஸ்வென்யா, தொப்பலாக நனைந்து, ரூபினோவைக் கையில் பிடித்தபடி.

"வாங்கிட்டேன்" என்றாள். "என்கிட்ட மேய்ச்சல் நிலம் இல்லை. உங்ககிட்ட இருக்கு."

"பக்கத்து ஊர்லேருந்து நடந்தா வந்தே? வண்டி எங்கே?"

"நடக்கணும்னுதானே டாக்டர் சொன்னாங்க."

கதவைத் திறந்தேன். ஆளுக்கொரு பக்கம் நின்று துணியால் துடைத்தோம். உருளைக்கிழங்கு இரண்டு பேருக்கு வேகவைத்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். தட்டை நீட்டினாள்.