கணவாய் வரை ஒரு பிடிச் சோறு

சனிக்கிழமைகளில் என்னை நித்திரை கொள்ள விடாத என் வதனி மச்சாளுக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? என் அண்ணையைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே, வயது ஒன்றுதானே, நீ என்றே கூப்பிடு என்று சொல்லிவிட்டாய். அதே உரிமையில்தான் இப்போதும் எழுதுகிறேன்.

லண்டனில் ‘மிச்சம்’ என்று பெயர் கொண்ட எங்கள் பகுதியில் ஒரு வழியாக வெயில் வந்துவிட்டது. உன் கறிவேப்பிலைச் செடியை அண்ணை தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இரவுக் குளிரில் பட்டுப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. செடியும் என் பேச்சைக் கேட்காமல் தளிர் விட்டிருக்கிறது.

உனக்குச் சொல்ல வந்த செய்தி வேறு. ஆகஸ்ட்டில் சுவிஸுக்குப் போகிறேன், நீ காட்டிய அந்த மலைக் கணவாய்க்கு ஏற.

நினைவிருக்கிறதா? என் பெரியம்மாவின் மகள் கலா அங்கே தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தபோது, காஞ்சிபுரமும் நகையுமாக ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே மலை குதிரை முதுகைப்போலத் தாழ்ந்து கிடந்தது. டிக்கெட் பார்க்க வந்தவரை மறித்து, அங்கே மனிதர் நடந்து போகலாமா என்று கேட்டாய். ஒரே நாளில் ஏறி இறங்கலாம், ஆனால் கஷ்டம் என்றார். உன் சீலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கஷ்டத்தைச் சொன்னார். மண்டபம் போய்ச் சேரும்வரை நீ வேறொன்றும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கேது சனிக்கிழமை? மழையென்றாலும் பனியென்றாலும் ரயிலேறி பாக்ஸ் ஹில்லுக்கோ கடற்கரைக் குன்றுகளுக்கோ இழுத்துக்கொண்டு போனாய். மற்றவர்கள் சொக்கலேற் கட்டியைக் கடித்துக்கொண்டு நடக்க, நாங்கள் புல்லில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். கால் பழகிவிட்டது, இனி சுவிஸ்தான் என்று நீ சொன்ன வருடத்தில்தான் நோய் வந்தது.

ஆசையை நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடமும் படங்களும் கிடக்கின்றன. ஜூலை வரை மேலே பனி கிடக்குமாம், செப்டம்பரில் மறுபடி விழத் தொடங்கலாமாம். நடுவில் ஆகஸ்ட்தான் தோது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாறைகளில் தீட்டிய வெள்ளை, சிவப்புக் குறிகளைப் பார்த்து ஏற வேண்டும். பாதி வழியில் ஒரு சின்ன ஏரி. அதற்கு மேல் காலை வாரும் சரளைக்கல். கடைசியாகச் சங்கிலியைப் பிடித்து ஏறும் பாறை. பின்னேரம் இடி முழக்கம் வரும் என்பதால் எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். நீயிருந்தால் அந்த ஒரு மணியை இரண்டு மணியாக்கச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பாய்.

ஆனால் நான் செய்த ஒரு மடைத்தனத்தையும் கேள். கலாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் நடைப்பயணம் என்று சொன்னால் என்ன விளங்கும்? இரண்டு வான் பிடித்துவிட்டாள். மலையடிவாரத்தில் பாய் விரித்து ஆட்டிறைச்சிப் பிரியாணி பரிமாறுவாளாம். அத்தனை தூரம் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போனால் சனம் என்ன சொல்லும் என்று கேட்கிறாள். எந்தச் சனம் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு அண்ணை ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். அங்கே கிடந்த ஒரு படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நானும் வாறன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். உனக்கே தெரியும், அந்த மனிதர் எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் பின்னேரம் வந்து ஏற்றுவதைத் தவிர ஒரு மேட்டிலும் கால் வைத்ததில்லை. போதாததற்கு முழங்கால் வேறு வீங்குகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போனால் கணவாய் இல்லை, அது நிச்சயம். பிரியாணியோடு அவரைக் கலாவிடம் விட்டுவிட்டு விடியவே நான் மட்டும் கிளம்பிவிடுவது என்று கலாவோடு கதைத்து ஒழுங்கும் செய்துவிட்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு, முதலில் பாக்ஸ் ஹில் ஏறிக் காட்டுங்கள் என்றேன். தானாகவே கைவிட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை போனோம். முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு அந்தப் படிகளில் பாதிவரை ஏறினார். பிறகு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. திரும்புவோமா என்று கேட்க நான் வாயெடுக்கும்போது அவர் கேட்டார்.

"அந்தப் படத்தில கணவாயடியில நிண்ட கறுப்புப் பறவையள், காகந்தானே?"

அலகு மஞ்சள், ஆனால் காக்கைச் சாதிதான் என்றேன்.

"முப்பத்தொண்டு அண்டைக்குக் காகம் வரேல்லை, ரஞ்சி. அவள் சாப்பிடேல்லை."

நீ போன முப்பத்தோராம் நாள் வீட்டில் செய்த அந்தச் சடங்கு எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஐயர் போன பிறகு, உனக்குப் படைத்ததில் ஒரு பிடியை அண்ணை இலையில் வைத்துத் தோட்டத்து மதிலில் கொண்டுபோய் வைத்தார். மழைத் தூறலில் கைதட்டிக் கைதட்டிக் கூப்பிட்டார். மிச்சம் கொமன் புல்வெளியில் நாள் முழுக்கக் கத்தும் காகங்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அண்ணையும் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு. இத்தனை மாதமும் இந்த மனிதர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"வீட்டில வச்சா அவள் எப்பிடி வருவாள்? சனிக்கிழமையில அவள் எப்ப வீட்டில நிண்டவள்?" என்றார்.

அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நடந்து போனவர்கள் எனக்குத்தான் முழங்கால் நோகிறது என்று நினைத்திருப்பார்கள். பிறகு இரண்டு பேரும் எழும்பி மிச்சப் படிகளையும் ஏறி முடித்தோம். நேரம் எடுத்தது, ஆனால் ஏறினார்.

நீ இந்தக் காகக் கதையை நம்பினாயா மச்சாள்? உன் தகப்பனின் திவசத்தன்று, அப்பாவுக்கு மரக்கறியே பிடிக்காது, காகமாய் வந்தா தின்னப்போகிறார் என்று நீ சொல்லி அண்ணையிடம் ஏச்சு வாங்கினாய். இப்போது நீ எங்கே நின்று என்ன நினைக்கிறாய்? எனக்குத் தெரியவில்லை.

அண்ணையும் வருகிறார். கலாவிடம் சொல்லிவிட்டேன். ஏரி வரை அவருக்கு ஏலும் என்று நினைக்கிறேன். சரளைக்கல்லில் அவரைக் கால் வைக்க விடமாட்டேன். அவரை ஏரியடியில் இருத்திவிட்டு நான் மட்டும் ஓடிப்போய்க் கணவாயைத் தொட்டுவிட்டு வரலாம்தான். நீயென்றால் போயிருப்பாய், பொய் சொல்லாதே. எனக்கும் அந்தக் கணவாய் வேண்டும். உனக்காக மட்டுமில்லை, எனக்கே வேண்டும். அதன் மேல் நின்று மறுபக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் இந்த வருடத்தைக் கடத்தினேன். ஆனால் இலையை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மறுபடியும் தனியே இருப்பதை நினைக்க என்னால் ஏலாது.

ஆகையால் இதுதான் என் வாக்கு. சோறு ஒரு பிடி, கத்தரிக்காய்க் குழம்பு கொஞ்சம், ஒரு வடை. அதற்கு மேல் கட்ட விடமாட்டேன். ஏரியடியில் ஒரு கல்லின்மேல் அண்ணை வைக்கட்டும், கைதட்டட்டும். பறவை வந்தால் நல்லது. ஒரு மணிவரை வராவிட்டால், அந்த முகத்தோடு அவரைக் கீழே இறக்கமாட்டேன். அவர் கண் முன்னாலேயே அந்தச் சோற்றை நான் எடுத்துச் சாப்பிடுவேன். ஏசினால் ஏசட்டும். சனிக்கிழமைகளில் உன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைத் தின்றவள் நான். என்னைவிட எந்தக் காகத்துக்கு அந்த உரிமை இருக்கிறது?

உன் பங்கில் கைவைத்தே பழகிய
உன் மச்சாள்,
ரஞ்சி