காப்பிக் கடைக்குச் சவப்பெட்டி சுமந்தவள்

அன்பு மகள் டாம்சினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், வலது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. வான்கூவர் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் பிரைட்டன் அப்படியேதான் இருக்கிறது. பழைய இசைத்தட்டு விற்கிற கிளைவ் போன வாரம் கடை வாசலில் நின்று சாண்ட்விச் தின்னும்போது கடற்காகம் ஒன்று அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது, அவன் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பூட்டிக் கிடக்கும் எதிர்மூலைக் கடையைப் பார்க்க வந்த ஒரு பெண் நனைந்துகொண்டு நம் வேஷ உடைக் கடைக்குள் வந்தாள். ஜூடித் என்று பெயர். பாவம் என்று தேநீர் போட்டுக் கொடுத்தேன், அவளும் பொய்முடி ஒவ்வொன்றாக மாட்டிக் கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ வேலை செய்யும் காப்பிக் கம்பெனிக்காரி என்று அதுவரை எனக்குத் தெரியாது. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் உன் படத்தைப் பார்த்தவள், "அட, இது எங்க டாம்சின் ஆச்சே! மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மூலைக் கடைக்கு மானேஜரா வர வேண்டியவ இவதானே. கெஞ்சிக் கூத்தாடி வாங்கினா. 'அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க, திறக்குற அன்னிக்குக் கதவைத் திறந்துக்கிட்டு நான் நிக்கணும், அவங்க முகத்தைப் பாக்கணும்'னு சொன்னா. அதுக்குள்ள இந்தத் தெருக்காரங்க சவ ஊர்வலம் விட்டுட்டாங்க" என்றாள். அந்த ஊர்வலத்தில் விதவை வேஷம் போட்டுப் போனவள் எதிரே நின்று தேநீர் ஊற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அந்த நாள் உனக்கு நினைவிருக்குமா என்று கேட்பதே அபத்தம். பெரிய கம்பெனி எது நம் தெருவில் கால் வைக்கப் பார்த்தாலும் அட்டையில் சவப்பெட்டி செய்து, மேலே அதன் பெயரை எழுதி, மேளம் தட்டிக் கடற்கரை வரை தூக்கிப்போவது நம் வழக்கம், கறுப்பு உடையெல்லாம் நம் கடையிலிருந்துதான். ஆனால் அந்த வருடம் ஆடியதுபோல் நான் என்றைக்கும் ஆடவில்லை. அந்தக் கடையின் வாசற்படியில் விழுந்து புரண்டு மாரடித்தேன். பத்திரிகையில் படம் வந்தது. அதை வெட்டி, 'உன் அம்மா பிரபலமாகிவிட்டாள் பார்' என்று எழுதி உனக்கே அனுப்பினேன் டாம்சின். "நல்லாருக்கும்மா" என்று ஒரு வரி பதில் போட்டாய். இரண்டு மாதத்தில் வான்கூவர் போய்விட்டாய். பதவி உயர்வு என்று நம்பி நான் தெருவெல்லாம் கேக் கொடுத்தேன்.

அன்று முதல் ஒன்றையே யோசிக்கிறேன். நீ முன்பே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? முக்காட்டைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உன்னிடம் எதற்குப் பொய், அப்போதும் ஊர்வலம் போயிருப்பேனோ என்னவோ. உனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால்தான் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதுதான் என்னைச் சுடுகிறது.

இப்போது கம்பெனி மறுபடி அனுமதி கேட்டிருக்கிறது. வியாழக்கிழமை தெருக் கூட்டத்தில் கிளைவ், "ஞாயித்துக்கிழமைக்கு நம்ம விதவை ரெடியா?" என்றான். நான் வரமாட்டேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். கிளைவ், "உன் பொண்ணு வரணும்னா நாங்கள்லாம் போகணுமா கிளெண்டா?" என்று கேட்டான். தப்பாகக் கேட்கவில்லை. அந்தக் கம்பெனி வந்தால் வாடகை ஏறும், முதலில் அவன் கடை போகும், அடுத்தது நம் கடை. மூன்று வருடமாகப் பலகை அடித்துக் கிடக்கிற அந்த மூலையைப் பார்த்து, ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு இனி முடியாது. "ஆமாடா, அப்படித்தான் ஆகுது, எனக்கும் அது பிடிக்கல" என்றேன். கறுப்பு உடைகளைத் தேய்த்து மடித்துக் கொடுத்தனுப்பினேன். ஞாயிறன்று மேளச் சத்தம் வாசலைக் கடந்து போகும்வரை மாடியில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை கிளைவ் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இன்னொன்றும் செய்தேன். மாநகராட்சிக்கு ஆதரவுக் கடிதம் எழுதினேன். நாற்பத்தொரு எதிர்ப்புக் கடிதங்கள், ஆதரவாக என்னுடையது ஒன்று. காரணம் எழுதும் இடத்தில், 'இந்தக் கடை திறந்தால் என் மகள் வீட்டுக்கு வரக்கூடும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று அங்கிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க, வாகன நெரிசல், சத்தம், கட்டட அமைப்பு, இந்த மாதிரி காரணம்தான் நாங்க எடுத்துக்க முடியும், நீங்க எழுதினது சட்டப்படி காரணமே இல்ல. வேற ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை தம்பி, அதையே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அனுமதி கிடைத்தால் அந்த மானேஜர் இடத்துக்கு நீ கேட்டால் உனக்குத்தான் என்று ஜூடித் சொன்னாள். விண்ணப்பிக்க இருபத்தெட்டாம் தேதி கடைசி, மறந்துவிடாதே. உன் வாழ்க்கை உன்னுடையது, அம்மாவுக்காக எதையும் விட்டுவிட்டு வராதே என்று எழுதுவதுதான் ஒரு தாய்க்கு முறை. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. வந்துவிடு கண்ணே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து நன்றாக இரு.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
கிளெண்டா