மணப்பாட்டில் என்னை விட்டுவிட்டுப் போன வேன்

ஜன்னலோரச் சீட்டை ஒருநாளும் எனக்கு விட்டுத்தராத என் அருமை மச்சான் சேவியருக்கு,

நீ போன பிறகு நம் முதியோர் சங்கத்து வேன் முதல் தடவையாக வெளியே கிளம்பியது. மணப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன்? கேட்டுவிட்டுச் சிரிக்காதே. இல்லை, சிரித்துக்கொள். உன் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது.

நான் வரப்போவதில்லை என்றுதான் இருந்தேன். சங்கத் தலைவர் தனராஜ் வீட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, சேவியர் இருந்தா உங்கள இப்படி மூலையில உக்கார விடுவாரா?" என்று கேட்டார். உன் பேரைச் சொன்னால் நான் மடங்கிவிடுவேன் என்று அந்த மனுசனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

நீ இல்லாத குறை மணப்பாட்டில் இறங்கியதுமே தெரிந்தது. எந்த ஊருக்குப் போவதென்றாலும் முன்கூட்டியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், கக்கூஸ் எங்கே இருக்கிறது, படி உயரமாக இருக்கிறதா, உட்கார நிழல் உண்டா என்று பார்த்துவிட்டு வருவாயே, அந்த வேலையை இந்தத் தடவை யாரும் செய்யவில்லை. "சாமி சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பாரு. நம்ம ஆளுகளுக்கு ஒண்ணுக்கு வந்தா அது காத்திருக்காதுல்லா" என்பாய். அதேபோலப் பாதிப் பேர் தெருத்தெருவாக அலைந்தார்கள். மார்த்தா டீச்சர் நடுத்தெருவில் நின்று, "சேவியரு இருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று சொல்லி அழுதேவிட்டார். கக்கூஸைத் தேடும்போது இறந்தவரை நினைத்து அழுத முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

வேனில் நான் ஜன்னல் பக்கம் நகரவில்லை, மச்சான். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் பஸ்ஸில் தொடங்கிய சண்டை அது. இத்தனை வருசம் கழித்து எதிராளி இல்லாமல் அந்த இடம் கிடைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? உன் இடத்தில் என் பையை வைத்தேன். செல்போனும் அதற்குள்தான் கிடந்தது.

உன் சட்டம் உனக்கு மறந்திருக்காது. வண்டி கிளம்பும் முன் தலையை எண்ணினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பிப்போகிறது என்று, நீதானே அந்த முறையைக் கொண்டுவந்தாய்? "அவுகவுக பக்கத்து சீட்டு ஆளுக்குக் குரல் குடுக்கணும். தன் பேரத் தானே சொல்லப்படாது" என்று வேன் நடுவில் நின்று அதிகாரி மாதிரி அறிவித்தாய். அந்தச் சட்டத்தால் கூடுதல் தொல்லைப்பட்டவன் நான்தான். ஒவ்வொரு ஊரிலும், "சேவியர் இன்னும் வரல" என்று நான் கத்த வேண்டும். நீயோ யாரிடமாவது பேச்சில் மயங்கி நின்றுவிட்டு, மக்ரூன் பொட்டலமோ கருவாட்டுப் பையோ கையுமாக மூச்சு வாங்க வருவாய். பிறகு எனக்குப் பொறுமையே இல்லை என்று என்னையே குறை சொல்லுவாய்.

மணப்பாட்டுக் கோயில் மேட்டில் இருந்து எல்லோரும் இறங்கினோம். நான் அடிப்படியில் நின்றேன். "வாங்கண்ணே, வண்டி கிளம்பப் போகுது" என்று மார்த்தா டீச்சர் கூப்பிட்டார். "நீங்க போங்க, இந்தா வாரேன்" என்றேன். ஏன் நின்றேன் தெரியுமா? நீ இன்னும் இறங்கி வரவில்லையே, அதனால் நின்றேன். நீ இறந்துபோனது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கால் அங்கேயே நின்றுவிட்டது. கண் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு வள்ளக்காரரிடம் மீன் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று மனசுக்குள் உன்னைத் திட்டவும் செய்தேன்.

அப்போது வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

உள்ளே எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. ஆளாளுக்குப் பக்கத்து ஆளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் குரல் கொடுக்க அந்த வேனில் யார் இருக்கிறார்கள், சொல்லு? நான் பின்னாலேயே ஏறிவிட்டேன் என்று மார்த்தா டீச்சரும் நினைத்துக்கொண்டாராம். ஒரு குறையும் தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார்கள்.

நான் ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. நீ இனி எந்தப் படியிலும் இறங்கி வரப்போவதில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. உன் கல்லறைக் குழியில் மண்ணை அள்ளிப் போட்டபோதுகூட அழாதவன் நான். கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், மச்சான். வழியில் போன ஒரு பெண் பயந்துபோய், "என்ன அண்ணாச்சி, யாரைத் தேடுதீய?" என்று கேட்டாள். என் மச்சானை என்றேன். "எங்கன போனாக?" என்றாள். நான் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

குலசை தாண்டிய பிறகு என் மகள் போன் செய்ய, சீட்டில் கிடந்த பை மணியடித்திருக்கிறது. எடுக்க ஆள் இல்லை என்றதும்தான் விழித்திருக்கிறார்கள். வேன் திரும்பி வந்ததும் தனராஜ் குதித்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி" என்றார். தூத்துக்குடி வந்து சேரும்வரை யாரும் பாடவில்லை.

மறுநாள் ரோஸ்லினிடம் போய், இனி நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று சொன்னேன். என் தங்கச்சியை நீ பார்க்க வேண்டும், மச்சான். நீ போனதில் இருந்து காலைப் பூசையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பூசை என்று இருக்கிறாள். மீன் அரிந்துகொண்டிருந்தவள் நடந்ததை எல்லாம் தலைகுனிந்தபடியே கேட்டாள். பிறகு அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

"எந்தப் படியில நின்னிய அண்ணே? அவுக எங்கனெல்லாம் நின்னாக, யாருட்ட பேசிக்கிட்டு நேரத்தப் போக்கினாக, எனக்கு ஒண்ணுமே தெரியாதே. நான் சோறு கட்டிக் குடுத்ததோட சரி. என்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போயி காட்டுங்க."

வேன் என்றாலே குமட்டும் என்று ஒதுங்கி இருந்தவள் கேட்கிறாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்துப் பூனை மீனைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு உன் வீட்டில் ரசம்தான்.

அடுத்து காயல்பட்டினம் கடற்கரைக்குப் போகிறார்கள். நானும் ரோஸ்லினும் பேர் கொடுத்துவிட்டோம். கிளம்பும் முன் நானே ஒருநாள் போய் கக்கூஸும் நிழலும் பார்த்துவிட்டு வருவேன். ஜன்னலோரம் அவளுக்கு. கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்துவிடுவேன். திரும்பும்போது, "ரோஸ்லின் இருக்கா" என்று நான் சொல்லுவேன். "எங்க அண்ணன் இருக்காரு" என்று அவள் சொல்லுவாள். உன் ஆட்களில் ஒருவரைக்கூட இனி எந்த ஊரிலும் விட்டுவிட்டு வர மாட்டோம். இது உனக்கு நான் செய்துதரும் சத்தியம்.

உனக்குக் குரல் கொடுக்கத்தான் எனக்கு வழியில்லை. வண்டி நகரும் முன் ஒரே ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். அதற்கு மட்டும் என்னைத் திட்டாதே.

ஜன்னலுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கும்
உன் மச்சான்,
அந்தோணி